கழுத்துக் கருமையும் உடற் பருமனும்



காலை வேளையில் பள்ளி வாயிலில் நின்று உள்ளே வரும் மாணவர்களை நோக்குவது தலைமையாசிரியர்க்கு உரிய பணிகளுள் ஒன்று. தலை வாரியிருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா, உடை தூய்மையாக இருக்கிறதா என்று பார்ப்போம். 2011-ஆம் ஆண்டில் அவ்வாறு நின்றிருந்தபோது ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனுடைய பிடரியில் கருமை படர்ந்திருக்கக் கண்டேன். அழுக்கு என்றே எண்ணினேன். "நாளைக்குக் கழுத்தைத் தேய்த்துக் குளித்துவிட்டு வா" என்று பலர் கேட்கக் கூறினேன். பையன் ஒன்றும் மறுமொழி சொல்லவில்லை. மறுநாள் முதல் சட்டையின் கழுத்துப் பொத்தானை இறுகப் பூட்டிக்கொண்டு வரத் தொடங்கினான். புழுக்கம் மிகுந்த நாளிலும் அதனைக் கழற்றவில்லை.

ஒரு வாரம் சென்றபின் அவன் தாயார் என்னைக் காண வந்தார். "ஐயா, அவன் குளிக்காமல் இருப்பதில்லை. எலுமிச்சம்பழத்தோலையும் பயற்றமாவையும் கொண்டு நாள்தோறும் நானே தேய்த்து விடுகிறேன். பீர்க்கங்கூட்டால் தேய்த்துப் பார்த்தேன். தோல் உரிந்ததுதான் மிச்சம், கருமை போகவில்லை" என்றார். பொத்தானைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். கருமையின் நடுவே எலுமிச்சைச் சாறு பட்டு எரிந்த புண்கள் சிவந்து கிடந்தன.

அம்மாதத்தில் பள்ளிக்கு வந்த அரசு மருத்துவரிடம் அவனை அனுப்பினேன். அவர் புண்ணில்லாத ஓரிடத்தை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சினால் அழுந்தத் துடைத்தார். பஞ்சு வெண்மையாகவே இருந்தது. அழுக்காயின் அதில் ஒட்டியிருக்கும் அன்றோ? பின்னர் அவ்விடத்தை விரலால் தடவிப் பார்த்து, "வெல்வெட்டுத் துணிபோல் இருக்கிறது" என்றார். அக்குளைப் பார்த்தார், அங்கும் அவ்வாறே இருந்தது. உயரமும் எடையும் எடுத்தார். பெற்றோர்க்கோ பாட்டன் பாட்டியர்க்கோ நீரிழிவு உண்டா என்று வினவினார். தந்தைக்கு உண்டு என்று அறிந்ததும் குருதிச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். வெறும் வயிற்றிற் பார்த்த சர்க்கரை 112 மில்லிகிராம். 100-க்குக் கீழ் இருக்க வேண்டுவது அது; 126-ஐ எட்டினால் நீரிழிவு. பதினான்கு வயதுப் பையன் இரண்டிற்கும் நடுவே நின்றான்.

அழுக்கு என்று நான் கூறியது தவறு என அவனிடம் தனியே வருத்தம் தெரிவித்தேன். பலர் முன்னிலையிற் சொன்ன சொல்லுக்குத் தனியிடத்தில் வருந்துவது ஈடாகாது என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று.

இக்கருமைக்கு மருத்துவ நூலார் 'அகாந்தோசிஸ் நைகிரிகன்ஸ்' என்று பெயரிட்டுள்ளனர். பெயர் வாயில் நுழையாவிடினும் அதன் தோற்றம் எளிதில் விளங்கக்கூடியதே. நாம் உண்ணும் சோறும் இட்டிலியும் குடலிற் செரித்துச் சர்க்கரையாகிக் குருதியிற் கலக்கின்றன. அச்சர்க்கரையைத் தசையும் ஈரலும் ஏற்றுக்கொள்ளுமாறு ஏவுவது, கணையம் சுரக்கும் இன்சுலின். ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். உள்ளே இருப்பவர் செவி மந்தமானவராயின் வந்தவர் மேலும் ஓங்கித் தட்டுவார். வயிற்றினுள்ளும் ஈரலிலும் கொழுப்பு மிகுதியாகச் சேரும்போது உடலின் உயிரணுக்கள் இன்சுலினுக்கு இவ்வாறு செவிடாகின்றன. கணையம் இரு மடங்கு, மும்மடங்கு சுரந்து ஓங்கித் தட்டுகிறது. அதனாற் சர்க்கரை பல ஆண்டுகள் அளவிற்குள்ளேயே நிற்கும். உரியவரும் தமக்கு ஒரு குறையும் இல்லை என்று இருப்பார்.

ஆனால் மிகுதியாகச் சுரந்த இன்சுலின் வாளா இருப்பதில்லை. அது தோலின் உயிரணுக்களை வளருமாறு தூண்டுகிறது. பிடரி, அக்குள், தொடையிடுக்கு, சிலர்க்கு விரற்கணுக்கள் ஆகிய இடங்களில் தோல் தடித்து நுண்ணிய மடிப்புகளாக எழுகிறது. அருகே சிறு மருக்களும் தொங்கும். அவ்விடம் கறுத்துத் தோன்றுவதற்குத் தலைமையான காரணம் இத்தடிப்பே; நிறமியின் பெருக்கம் அன்று. நோய் வருவதற்கு முன்னரே வந்து சேரும் ஓலையாக இதனைக் கொள்ளலாம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர் என்றும், மேலும் 13 கோடிக்கு மேற்பட்டோர் அந்நோயின் வாயிலில் நிற்கின்றனர் என்றும் மதிப்பிட்டது. அவர்களுள் எத்தனை பேர் வீட்டில் இவ்வோலை பிரிக்கப்படாமலே எலுமிச்சைத் தோலால் தேய்க்கப்பட்டதோ!

தேய்ப்பதால் வரும் கேட்டினையும் கூறிவிடுதல் வேண்டும். தேய்க்கத் தேய்க்கத் தோல் தன்னைக் காத்துக்கொள்ள மேலும் தடிக்கும். உழவர் உள்ளங்கை காய்த்துப் போவது இவ்வியல்பினாலேயே. எலுமிச்சைச் சாறோ மிகக் கடிய புளிப்பு. அதன் தோலில் உள்ள எண்ணெயில் ஒருவகைப் பொருள் உண்டு. அது மேனியிற் பட்டு, பின்னர் வெயிலும் பட்டால், தோல் வெந்தாற்போற் கொப்புளித்துப் பழுப்பு நிறம் வாரக்கணக்கில் நிலைத்துவிடும். கருமையைப் போக்கச் செய்த மருந்தே கருமையைத் தருவது இதுதான். சமையற்சோடாவைக் குழைத்துப் பூசுவாரும் உளர். அஃது எலுமிச்சைக்கு நேர்மாறான காரம். புண் ஒன்றே இரண்டிற்கும் பொது. மஞ்சளால் இத்தகைய கேடு பெரும்பாலும் இல்லை. ஆயினும் அது தன் நிறத்தால் கருமையைச் சிறிது மறைக்குமேயன்றித் தடிப்பைக் கரைக்காது. பூசுவதாயின் விரலி மஞ்சளையோ கஸ்தூரி மஞ்சளையோ வாங்கி வீட்டில் இழைத்துப் பூசுதல் நன்று. கடைப்பொடிகளில் நிறத்திற்காக ஈயச் சேர்க்கைப் பொருளைக் கலந்த செய்திகள் பலமுறை வந்துள்ளன.

அவ்வாறாயின் இக்கருமைக்கு மருந்து யாது? செவிட்டை நீக்குதல், அதாவது வயிற்றுக் கொழுப்பைக் குறைத்தல். எடை குறையுமாயின் பிடரித் தோலின் தடிப்பும் மெல்ல மெல்லக் குறையும். அதற்கு மாதங்கள் ஆகும்.

எடை மிகுதி என்பதை எங்ஙனம் அறிவது? பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் கெத்தலே என்பார் 19-ஆம் நூற்றாண்டில் கண்ட கணக்கு ஒன்று உண்டு. கிலோகிராமில் எடையை எடுத்து, மீட்டரில் உயரத்தை அதனாலேயே பெருக்கி வந்த எண்ணால் வகுக்க வேண்டும். 160 சென்டிமீட்டர் உயரமும் 64 கிலோ எடையும் உடையவர்க்கு ஈவு 25. ஐரோப்பியர்க்கு 25 வரை குறையில்லை என்பர். நம்மவர்க்கு அந்த எல்லை பொருந்தாது. ஒரே ஈவுடைய இருவருள் நம் நாட்டவர்க்கு வயிற்றுக் கொழுப்பு மிகுதியாகவும் தசை குறைவாகவும் இருத்தலால், 23-ஐத் தாண்டினாலே எடை மிகுதி, 25 ஆனால் பருமன் என்று இந்திய மருத்துவர்கள் 2009-இல் வரையறுத்தனர். கணக்காசிரியர்கள் இதனை வகுப்பில் நடத்தலாம். பிள்ளைகளின் எடையைக் கொண்டு அன்று, ஆசிரியரின் எடையைக் கொண்டு! வளரும் பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற தனி அட்டவணை உண்டு. முதியோர்க்குரிய எண்ணை அவர்கள்மேல் ஏற்றலாகாது.

எடைக்கருவி இல்லாதார் அளவுநாடா ஒன்றைக் கொள்க. கடைசி விலாவெலும்பிற்கும் இடுப்பெலும்பிற்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் சுற்றளவு எடுத்தால், ஆடவர்க்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டருக்கும் உட்பட்டிருத்தல் வேண்டும். வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு அளப்போர் தம்மையே ஏமாற்றிக்கொள்வர். முன்னாளில் அரைஞாண் கயிறு இறுகுவதைக்கொண்டே ஒருவர் தம் வயிறு பெருத்ததை அறிந்துகொண்டார். இந்நாளில் நெகிழும் இடுப்புப் பட்டை வைத்த ஆடைகள் வந்து அந்த அறிவிப்பையும் இல்லாமற் செய்துவிட்டன.

உணவைப் பற்றிச் சொல்லப் புகுந்தால் திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. அப்பத்துக் குறட்பாக்களுள் ஆறு, உணவின் அளவையும் பசியறிந்து உண்பதையுமே கூறுகின்றன. ஒரு மூலிகையின் பெயர்கூட அங்கே இல்லை. நம்மவரோ இன்று அளவை விட்டுவிட்டு மூலிகையைத் தேடுகின்றனர்.

காலையில் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்து பருகினால் உடல் இளைக்கும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. தேனும் சர்க்கரையே, ஒரு மேசைக்கரண்டித் தேனில் 60 கலோரி உண்டு. வெந்நீரை மட்டும் பருகினால் அந்த அறுபதும் மிச்சம். சோற்றை விட்டுக் கேழ்வரகுக்கு மாறியவர்கள் எடை குறையவில்லை என்று வியப்பர். கேழ்வரகும் பெரும்பகுதி மாவுப்பொருளே. எடைக்கு எடை பார்த்தால் அரிசிக்கும் அதற்கும் கலோரியில் பெரிய வேற்றுமை இல்லை. நார்ச்சத்து மிகுதி, சுண்ணாம்புச் சத்து மிகுதி, விரைவிற் பசி எடுக்காது என்பன அதன் சிறப்புகள். அச்சிறப்புகளை நம்பி மூன்று உருண்டை களி உண்பார்க்கு இடுப்பு எங்ஙனம் குறையும்? இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்னும் பழமொழியை இந்த நோக்கில் எண்ணிப் பார்க்கலாம். எள்ளில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். கொள்ளில் எண்ணெய் மிகக் குறைவு. புரதமும் நாரும் மிகுதி. கொள்ளு கொழுப்பை உருக்கும் என்பதற்கில்லை. வயிற்றை நிறைத்து வேறொன்றை உண்ணாமற் செய்யும். பழமொழி கூறியவர் கலோரி அறியார். ஆயினும் பிழையாகக் கூறவில்லை.

நாள்தோறும் நான்கு குவளை காப்பி அருந்தி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை இடும் ஒருவரைக் கொள்வோம். அஃது 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி. ஓராண்டிற்கு 58,400 கலோரி. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருப்பதாகக் கொண்டால், இஃது ஏழரைக் கிலோவிற்கு ஈடாகும். கணக்கு முழுவதும் அப்படியே பலிப்பதில்லை. எடை குறையக் குறைய உடல் தன் செலவையும் சுருக்கிக்கொள்ளும். பாதியே பலித்தாலும் ஆதாயந்தான். எண்ணெயின் கணக்கு இன்னும் கடுமையானது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ இரண்டு இட்டிலிக்கு ஈடு. "ஐந்து இட்டிலியை மூன்றாகக் குறைத்துவிட்டேன்" என்று சொல்பவர், மிளகாய்ப் பொடியில் குழிபறித்து ஊற்றும் எண்ணெயை எண்ணுவதில்லை. அந்த எண்ணெய் நல்லெண்ணெயானாலும் செக்கெண்ணெயானாலும் கணக்கு ஒன்றே.

பட்டினி கிடந்து விரைவில் இளைக்க முயல்வோர் கொழுப்போடு தசையையும் இழப்பர். உடல் மெலிய என்று விற்கும் பொடிகளுட் சில வெறும் பேதி மருந்து. குறைவது நீரின் எடையே. வாரத்திற்கு அரைக் கிலோ என்பதே போதிய வேகம்.

இனி நடை. உழைக்கும் தசைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. இன்சுலின் வந்து தட்டாமலேயே அது சர்க்கரைக்குக் கதவைத் திறக்கும். ஆகையால் உண்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாற்கூடச் சர்க்கரையின் ஏற்றம் தணிகிறது. இதன் பயனைச் சென்னை மருத்துவர்கள் ஆய்வு செய்து 2006-இல் வெளியிட்டனர். நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரைப் பிரித்து, ஒரு பிரிவினர்க்கு வழக்கமான அறிவுரை மட்டும் கூறினர். மற்றொரு பிரிவினர்க்கு நாள்தோறும் அரை மணி நேரமாவது நடக்கவும், சர்க்கரையும் கொழுப்பும் குறைத்து நார்மிகு உணவு உண்ணவும் தொடர்ந்து வழிகாட்டினர். ஏனைய பிரிவுகளுக்கு மாத்திரை தரப்பட்டது. மூன்று ஆண்டுகளில் முதற்பிரிவில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவு அடைந்தனர். நடந்தும் உணவைத் திருத்தியும் வந்த பிரிவில் 39 பேரே. இதிற் கருதத்தக்கது ஒன்று: அவர்களுடைய சராசரி எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை. எடைக்கருவியின் முள் அசையவில்லையே என்று மனம் சோர்ந்து நடையை நிறுத்துவோர் இதனை நினைவிற் கொள்வாராக.

பையனுடைய வீட்டில் செய்யப்பட்டவையும் பெரிய செயல்கள் அல்ல. புட்டியில் வரும் இனிப்புக் குடிநீர் நின்றது. மாலைதோறும் பள்ளி வாயிலில் வாங்கிய பஜ்ஜி வாரம் ஒருமுறை ஆயிற்று. வண்டியில் வந்தவன் மிதிவண்டியில் வந்தான். தாயும் தந்தையும் அவனுக்கென்று தனிச் சமையல் செய்யாமல் தாமும் அவ்வாறே உண்டனர். இதனை நான் எல்லாவற்றினும் முதன்மையாகக் கருதுகிறேன். தொடக்கத்தில் 158 சென்டிமீட்டர் உயரமும் 72 கிலோ எடையும் இருந்தவன், ஒன்றரை ஆண்டில் 166 சென்டிமீட்டர் வளர்ந்தான், எடை 71. வளரும் பிள்ளைக்கு எடை ஏறாமல் நின்றாலே போதும். உயரம் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். சர்க்கரை 100-க்குக் கீழ் இறங்கிற்று. பிடரிக் கருமை முற்றும் மறையவில்லை, மிகவும் வெளிறிற்று.

பெண் குழந்தைகளின் பெற்றோர்க்கு ஒரு சொல். கழுத்துக் கருமையோடு மாதவிலக்கு ஒழுங்கின்றி வருதல், முகத்தில் மயிர் முளைத்தல், பருக்கள் நீங்காதிருத்தல் ஆகியவையும் சேர்ந்திருந்தால், அவற்றை முகப்பூச்சால் மறைக்க முயலாமல் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். இவையும் பெரும்பாலும் அந்த இன்சுலின் செவிட்டையே அடிப்படையாகக் கொண்டவை. இதற்கு மாறாக, முதுமையில், பருமனில்லாத ஒருவர்க்குச் சில மாதங்களுக்குள் இக்கருமை திடீரெனப் பரவினால், அஃது உள்ளுறுப்பிற் புற்று இருப்பதன் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். அரிதே, எனினும் காலம் தாழ்த்தலாகாது.

இவ்வளவும் கூறியதால் வீட்டு மருந்துகளை நான் இகழ்வதாகக் கொள்ள வேண்டா. தோலின் மேற்பரப்பு இயல்பாகச் சிறிது புளிப்புடையது. சவர்க்காரமோ காரம். நாளுக்கு இருமுறை உடல் முழுதும் அதனைத் தேய்ப்பதால் தோலின் எண்ணெய்ப்பசை நீங்கி அரிப்பு உண்டாகிறது; முதியோர்க்கும் மார்கழிக் குளிரிலும் இது மிகுதி. பயற்றமாவு கடுமையின்றி அழுக்கை எடுக்கும். குளித்த ஈரம் புலர்வதற்கு முன் சில துளி தேங்காயெண்ணெயைத் தடவினால் தோலின் ஈரம் காக்கப்படும். வறண்டு அரிக்கும் தோலுக்கு அது நற்பயன் தருவதை இன்றைய ஆய்வுகளும் ஒப்புகின்றன. பரு நிறைந்த முகத்திற்கு மட்டும் ஆகாது, துளைகளை அடைத்துவிடும். சோற்றுக்கற்றாழையின் நடுவிலுள்ள தெளிந்த சோறு வெயிலாற் காந்திய தோலைக் குளிர்விக்கும். அதனை எடுக்கும்போது தோலடியில் வடியும் மஞ்சட்பாலை நன்கு கழுவிவிடுதல் வேண்டும், அப்பால் எரிச்சல் தருவது. எதனைப் பூசுவதாயினும் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒருநாள் பொறுத்துப் பார்ப்பது முறை.

நான் அஞ்சுவது வேறொன்று. வீட்டு மருந்து பலிக்காதபோது, கருமை போக்கும் என்று விற்கும் களிம்பை நாடுகிறார்கள். செய்தவர் பெயரும் முகவரியும் இல்லாத சில களிம்புகளிற் பாதரசம் கலந்திருக்கிறது. அது நிறமி உண்டாவதைத் தடுப்பதால் முதலில் தோல் வெளுக்கும், வாங்கியவர் மகிழ்வர். ஆனால் அது தோலின் வழியே உட்புகுந்து சிறுநீரகத்தைத் தாக்கும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், இத்தகைய களிம்புகளைப் பூசி வந்தவர்கள் சிறுநீரக நோயுற்று வந்ததை மருத்துவர்கள் கண்டறிந்தது 2023-இல் செய்தியாக வந்தது. காலும் முகமும் வீங்குதலும் சிறுநீர் நுரைத்தலும் அதன் குறிகள். வேறு சில களிம்புகளிற் கடுமையான ஸ்டீராய்டு மருந்து சேர்ந்திருக்கும். மாதக்கணக்கிற் பூசினால் முகத்தோல் மெலிந்து சிவந்து, நிறுத்தினால் எரியும். படர்தாமரைக்கு இதனைத் தாமே வாங்கிப் பூசுவோர்க்கு அரிப்பு இரண்டு நாளில் அடங்கும். பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே இருக்கும்.

நம் மேனியின் இயற்கை நிறத்திற்கு எவ்வித மருந்தும் வேண்டுவதில்லை. அந்நிறமியே இந்நாட்டு வெயிலுக்குக் குடையாக நிற்பது. கருமை என்று சொன்னவுடன் வெளுக்க வைக்க விரைகின்ற பழக்கத்தாலேதான், தடித்த பிடரியையும் இயற்கை நிறத்தையும் வேறு பிரித்தறியாமற் போகிறோம்.

ஆகவே, பிள்ளைகளின் தலையை வாரும்போது பிடரியையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். வெல்வெட்டுப் போல் தடித்திருந்தால் தேய்க்காதீர்கள். இரவு உண்டபின் எட்டு மணி நேரமேனும் நீர் அன்றி வேறொன்றும் கொடாது, காலையில் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். சர்க்கரைச் சோதனைக்கு அங்கே கட்டணம் இல்லை. தந்தைக்கோ தாய்க்கோ நீரிழிவு இருந்தால் அதனையும் மருத்துவரிடம் மறவாமற் கூறுங்கள்.